டூக்கோ வாசம்

நாலு சக்கரம், ஒரு சித்திரம் – 17

சென்ற வாரம் உங்களை 1966 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அருங்காட்சியகத்தின் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். உள்ளே சிற்பி எட் கீன்ஹோல்ஸ் கலைப்படைப்பாக்கிய 1938 மாடல் டாட்ஜ். பின்சீட்டில் கோழிவலைக் கம்பியால் ஆன ஓர் ஆண், பிளாஸ்டரில் வார்த்த ஒரு பெண், சுற்றிலும் பீர் பாட்டில்கள். காரின் கதவைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்று கவுண்டி மேற்பார்வையாளர்களும் அருங்காட்சியகத்தாரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ‘அடுத்த வாரம் கதவு திறக்கும்’ என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வாக்கைக் கெடுத்தது என் சொந்தக் காரின் கதவு.

வீட்டு கேட்டின் தூண் என் வண்டியின் இடது பக்கத்தைக் கீறிவிட்டது. (நான் கீறவில்லை. வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.) செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனால், டிங்கரிங் முடிந்து, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடியில் பெயின்ட் பட்டுவிடாமல் இருக்க, பழைய பத்திரிகைத் தாள்களை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார் பெயின்டர். கிட்டப் போய்ப் பார்த்தேன். இதே தொடரின் ஒன்பதாம் அத்தியாயம். என் பெயர் தலைகீழாகத் தொங்கியது.

“இதைப் படிச்சுப் பாத்தீங்களாண்ணே?” என்றேன், ஒரு நப்பாசையில்.

“நல்ல தாள் சார் இது. பெயின்ட்டைக் குடிச்சுக்கும். வழவழன்னு இருக்கிற புக்குன்னா வழிஞ்சு கீழ இறங்கிரும்.”

பதினேழு வாரத்தில் எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் இதுதான்.

பிறகு கம்ப்ரசரைப் போட்டார். கன்னை எடுத்து, சுவரில் சாய்த்திருந்த தகரத்தில் ஒரு தடவை ஊதிப் பார்த்தார். திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். மறுபடி ஊதினார். விசிறி விரிந்ததுபோல் பெயின்ட் விழுந்ததும் கதவுக்கு வந்தார். கன்னுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மணிக்கட்டு அசையவே இல்லை. தோளிலிருந்து கை மொத்தமும் கதவுக்கு இணையாகப் போனது. விசையைக் கதவுக்கு வெளியிலேயே அழுத்தி, கதவைத் தாண்டிய பிறகே விட்டார். கை ஒரு நொடி தயங்கினால் பெயின்ட் வழிந்துவிடும். ஒரு சாண் இரண்டு சாணானால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து, சொரசொரவென்று தூசியாக உட்காரும். ஒரு தடவை ஓட்டிய பட்டையில் பாதியை அடுத்த பட்டை மூட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தின்னர் வாசம் அடித்ததும் ஒரு காரணம்.

அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பதினாறு வாரமாகக் கார்களை வரைந்தவர்களையும் நசுக்கியவர்களையும் வெட்டி ஒட்டியவர்களையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் கலைக்குள் உண்மையில் நுழைந்த வழி இந்தக் கன்னின் மூக்கு. அதைச் சொல்லாமல் டாட்ஜின் கதவைத் திறந்தால் பாவம்.

டூக்கோ என்பது நம்மூர்ப் பட்டறைகளில் ஏறக்குறையத் தமிழ்ச் சொல். பீரோவுக்கும் டூக்கோதான், பழைய ஸ்கூட்டருக்கும் டூக்கோதான். அது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1923-ல் கொண்டுவந்த ஒரு சரக்கின் பெயர் என்பதை நாம் மறந்தே போய்விட்டோம். நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். பஞ்சை அமிலத்தில் பக்குவம் செய்தால் வருகிற பொருள். இதே குடும்பத்தில்தான் புகையில்லாத வெடிமருந்தும் பழைய சினிமா பிலிமும் பிறந்தன. வெடிமருந்து விற்றுக் கொழுத்த கம்பெனி, போர் முடிந்த கையோடு கார்களுக்குச் சாயம் பூச வந்தது.

அதற்கு முன்னால் காருக்கு வண்ணம் என்றால், தூரிகையால் வார்னிஷைப் பூசிப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரை ஹென்றி ஃபோர்டு கறுப்பைத் தவிர வேறு நிறமே தரவில்லை. டூக்கோவோ சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களை 1924 மாடலாக நீல நிறத்தில் இறக்கியது. கறுப்பின் ஆட்சி ஆட்டம் கண்டது. இவ்வளவு வேகமாகக் காய்கிற சரக்கைத் தூரிகையால் தடவ முடியாது, ஊதித்தான் ஆக வேண்டும். ஊதுகிற கருவி ஏற்கெனவே இருந்தது. ஒஹாயோவின் டொலிடோ நகரில் டிவில்பிஸ் என்ற டாக்டர் நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூறலாகத் தெளிக்க ஒரு கருவி செய்திருந்தார். அவர் மகன் அதே தத்துவத்தைப் பெயின்ட்டுக்கு மாற்றினார். புண்பட்ட தொண்டைக்காகப் பிறந்ததுதான் பெயின்டர் அண்ணன் கையில் இருக்கும் கன்.

இந்தக் கன்னைப் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓவியத்துக்குள் ஓடியவர் ஒருவர் இருக்கிறார். மெக்சிகோக்காரர் டாவித் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ். ரிவேரா, ஓரோஸ்கோ, மெக்சிகோ சுவரோவியங்கள் எல்லாம் ஐந்தாம் அத்தியாயத்தில் வந்தாயிற்று; திரும்பச் சொல்லி ஆசிரியரின் பக்கத்தை வீணடிக்கமாட்டேன். ஆனால் சிக்கெய்ரோஸை ஒரு பாராவில் கடந்துபோக என்னால் முடியாது. மீசை முளைக்கும் வயதில் புரட்சிப் படையில் துப்பாக்கி தூக்கியவர். கம்யூனிஸ்ட். சிறை, அப்புறம் டாஸ்கோ என்ற ஊரைவிட்டு நகரக்கூடாது என்ற உத்தரவு, அப்புறம் நாட்டைவிட்டே வெளியேற்றம். அப்படித்தான் 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார்.

ஷினார்ட் ஓவியப் பள்ளியில் சுவரோவியம் கற்றுத்தரும் வேலை. வெளிச்சுவரில் ஈரச் சிமென்ட் பூசி, காய்வதற்குள் வரைய வேண்டும். இத்தாலிய பாணிச் சுண்ணாம்பு பொறுமையாகக் காயும். சிமென்ட்டும் காலிஃபோர்னிய வெயிலும் காத்திருக்காது. தூரிகையை வைத்துக்கொண்டு திணறிய மாணவர்களின் கையில் சிக்கெய்ரோஸ் ஸ்பிரே கன்னைக் கொடுத்தார். கார்களால் ஓடுகிற ஊரில் கார்களுக்குச் சாயம் பூசும் கருவியால் வரைவதே முறை என்பது அவர் கட்சி. விமானம் பறக்கிற காலத்தில் குச்சியில் கட்டிய முடியைப் பிடித்துக்கொண்டு அலைவது அவருக்கு வெட்கக்கேடாகத் தெரிந்தது.

அதே ஆண்டு ஓல்வெரா தெருவில் இன்னொரு சுவர் கிடைத்தது. இரண்டாம் மாடி உயரத்தில் எண்பது அடி நீளம். தலைப்பு ‘வெப்பமண்டல அமெரிக்கா’. கொடுத்தவர்கள் கிளி, மயில், வாழைமரம், சிரிக்கிற பெண்கள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார்கள். சிக்கெய்ரோஸ் காட்டையும் இடிந்த பிரமிடையும் முடித்துவிட்டு, நடுப்பகுதியைக் கடைசி வரை காலியாக வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு முந்தின இரவு உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தனியாக அதை நிரப்பினார். 1932 அக்டோபர் 9 அன்று திரை விலகியபோது நடுவில் இருந்தது சிலுவையில் அறையப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதன். தலைக்கு மேலே இறக்கை விரித்த கழுகு. அமெரிக்க டாலரில் இருக்கிறதே, அதே கழுகு.

தெருவிலிருந்து தெரிந்த பகுதியைச் சில மாதங்களில் வெள்ளை அடித்தார்கள். பிறகு முழுவதையும் அடித்தார்கள். சிக்கெய்ரோஸின் விசாவும் நீளவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, 2012-ல், அதே அக்டோபர் 9 அன்று, கெட்டி நிறுவனமும் நகராட்சியும் சேர்ந்து அந்தச் சுவரை மீட்டு மக்களுக்குக் காட்டினார்கள். நிறம் மங்கிவிட்டது. கழுகு தெரிகிறது.

1936-ல் ஆள் நியூயார்க்கில். யூனியன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சோதனைப் பட்டறை. டூக்கோவை ஊதினார்கள், ஊற்றினார்கள், தரையில் பலகையைப் போட்டு மேலிருந்து சொட்டினார்கள், மணலைக் கலந்து பார்த்தார்கள். டூக்கோ பைத்தியம் முற்றியதைப் பார்த்துக் கூட்டாளிகள் அவருக்கு ‘இல் டூகோ’ என்று பட்டம் வைத்தார்கள். முசோலினியின் ‘இல் டூச்சே’யோடு சேர்த்து ஒரு குத்து. அந்தப் பட்டறையில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு வயது 24. பெயர் ஜாக்சன் பொலாக். பத்தாண்டுகள் கழித்துத் துணியைத் தரையில் விரித்து, கடையில் விற்கும் எனாமலைச் சொட்டவிட்டு அவர் உலகப் புகழ் பெற்ற கதை உங்களுக்கே தெரியும். சொட்டு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை.

இனி சிக்கெய்ரோஸின் இன்னொரு கன். 1940 மே 24, விடிவதற்கு முன். போலீஸ் உடுப்பு மாட்டிய ஒரு கும்பலோடு மெக்சிகோ நகரத்தில் ஸ்டாலினின் எதிரி டிராட்ஸ்கி தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்தார். இயந்திரத் துப்பாக்கிகள். படுக்கையறைச் சுவரெங்கும் குண்டுகள். டிராட்ஸ்கியும் மனைவியும் படுக்கையிலிருந்து தரைக்கு உருண்டு பிழைத்தார்கள். சின்னப் பேரனின் காலில் காயம். கும்பலோடு போன அமெரிக்கக் காவலாளி ஒருவர் பிறகு பிணமாகக் கிடைத்தார். சிக்கெய்ரோஸ் கொஞ்ச நாள் பதுங்கி, பிடிபட்டு, கவிஞர் நெருடா தந்த விசாவில் சிலிக்குப் போய் அங்கேயும் ஒரு சுவரை வரைந்தார்.

ஓவியம் பெரிது, மனிதன் சிறிது என்று சமாதானம் சொல்லி இவரைத் தப்பவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேரனின் கால்தான் நினைவுக்கு வருகிறது. பொலாக்கையும் அப்படி விட மனமில்லை. 1956 ஆகஸ்ட் 11 இரவு, குடித்துவிட்டுத் தன் ஓல்ட்ஸ்மொபைலை மரத்தில் மோதிச் செத்தார். மேதையின் சோக முடிவு என்று எழுதுகிறார்கள். அதே காரில் ஈடித் மெட்ஸ்கர் என்ற இளம்பெண்ணும் செத்துப்போனார். அவரைப் பலரும் அரை வரியில் கடந்துவிடுகிறார்கள்.

சரி, லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புவோம். (ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஆறு மணிக்குப் பக்கம் மூட வேண்டுமாம்.)

சிக்கெய்ரோஸ் போனாலும் கன் அங்கேயே இருந்தது. போர் முடிந்து திரும்பிய பையன்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, வீட்டுக் கொல்லையில் பெயின்ட் அடித்தார்கள். கேண்டி பெயின்ட் என்று ஒரு வித்தை அவர்களுடையது. முதலில் வெள்ளி அல்லது தங்கப் பூச்சு. அதன்மேல் கண்ணாடி போன்ற நிறத்தை மெல்லிசாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே தேய்த்துத் தேய்த்து. வெளிச்சம் நிறத்தைத் துளைத்து உள்ளே போய், வெள்ளியில் மோதித் திரும்பி வரும். நிறம் தகரத்தின் மேல் இல்லாமல் உள்ளே ஆழத்தில் எங்கோ இருப்பதுபோல் தோன்றும். பூச்சு ஒன்று கூடினாலும் நிறம் இருண்டுவிடும், கதவுக்கும் பானட்டுக்கும் பொருந்தாது. அதனால் எண்ணிக்கொண்டே அடிக்க வேண்டும். கேண்டி ஆப்பிள் சிவப்பின் புகழ் ஜோ பெய்லனுக்கு. மயிரிழைக் கோடு போடுவதில் வான் டச், கண்ணாடிக் குமிழ் போட்ட வண்டிகளில் எட் ராத். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக அமெரிக்கப் பையன்கள் இதே கலையைத் தரையை உரசும் லோரைடர் கார்களில் செய்தார்கள். அவர்களுக்குப் பரிசாக 1959-ல் வண்டியை எவ்வளவு தாழ்த்தலாம் என்று ஒரு சட்டமே வந்தது. அவர்கள் கதையைத் தனி அத்தியாயமாக எழுதப்போகிறேன்.

இந்தக் கார்க் கொட்டகைகளில் வளர்ந்தவர்தான் ஓவியர் ராபர்ட் இர்வின். ஒருமுறை நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு விமர்சகரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு பையன் தன் வண்டியை அக்கறையாக இழைத்துக்கொண்டிருந்தான். அதைக் காட்டி, இதுவும் கலைதான் என்றார் இர்வின். விமர்சகர் ஒத்துக்கொள்ளவில்லை. வாதம் முற்றியது. இர்வின் வண்டியை ஓரம்கட்டி, அவரை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார். கலை விமர்சனத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பதில்.

ஆனால் இந்த வீரர்களின் கூடாரத்தில் பெண்களுக்கு இடமில்லை. கீன்ஹோல்ஸும் வால்டர் ஹாப்ஸும் 1957-ல் தொடங்கிய ஃபெரஸ் கேலரி, 1964-ல் இர்வின் உள்ளிட்ட நான்கு ஆண்களின் கண்காட்சிக்கு வைத்த பெயர் ‘ஸ்டட்ஸ்’. பொலி குதிரைகள் என்று பொருள். அவர்களே வைத்துக்கொண்டது.

அதே 1964-ல்தான் ஒரு பெண் கார் பாடி வேலை கற்றுத்தரும் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் முதுகலை முடித்த கை. பெயர் ஜூடி ஜெரோவிட்ஸ். வகுப்பில் 250 ஆண்கள், பெண் அவள் ஒருத்தி மட்டும். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அவள் படங்களில் இருந்த உடல் வடிவங்களைப் பார்த்து முகம் சுளித்திருந்தார்கள். லாக்கரை எப்படிக் கலப்பது, கன்னை எப்படிப் பிடிப்பது, எந்தத் தாளால் எவ்வளவு தேய்ப்பது என்பதைப் பல்கலைக்கழகம் கற்றுத்தரவில்லை. இந்தப் பள்ளி கற்றுத்தந்தது.

அவள் எடுத்துக்கொண்ட பலகை ஒரு செவர்லே கோர்வேர் காரின் பானட். கோர்வேருக்கு இன்ஜின் பின்னால். முன்னால் இருக்கிற மூடியைத் தூக்கினால் பெட்டி வைக்கிற இடம்தான். மறு ஆண்டே ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஆபத்தான கார் என்று கிழித்துப்போட்டதும் இதே கோர்வேரைத்தான். அந்த மூடியைச் சுவரில் நிற்கவைத்து, நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒன்றுபோல் விரிகிற ஒரு வடிவத்தை ஊதினாள். பூ என்றால் பூ, பட்டாம்பூச்சி என்றால் பட்டாம்பூச்சி, பெண்ணுடல் என்றால் அதுவும்தான். விளிம்புகள் பிளேடு வைத்து அறுத்ததுபோல் கூர்மை. ஒவ்வொரு நிறத்துக்கும் மற்ற இடமெல்லாம் டேப்பும் தாளும் ஒட்டி மறைத்து, ஊதி, காயவிட்டு, உரித்து, அடுத்த நிறத்துக்கு மறுபடி ஒட்டியாக வேண்டும். என் கார்க் கண்ணாடியில் ஒன்பதாம் அத்தியாயம் பார்த்த அதே வேலை. ஆண்பிள்ளைகள் எதைத் தங்கள் ஆண்மையின் நெற்றியாக நினைத்தார்களோ, அங்கேயே போய்ப் பெண்ணை வரைந்தாள்.

இதோடு நிறுத்தினால் அழகான கலகக் கதையாக முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டு, 1963-ல், அவள் கணவர் ஜெரி ஜெரோவிட்ஸ் கார் விபத்தில் இறந்திருந்தார். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட முழுசாக ஆகியிருந்ததோ இல்லையோ, தாலி அறுத்த மறு ஆண்டில் ஒரு பெண் கார்த் தகரத்தின் முன்னால் போய் நிற்கிறாள். எரிக்கவோ நசுக்கவோ இல்லை. ஒரு சாண் தள்ளி நின்று, கை நடுங்காமல், மெல்லிசாக நிறத்தை ஊதுகிறாள். நடுங்கினால் வழிந்துவிடும். இந்த இடத்தை எழுதும்போது என் கன் கொஞ்சம் தயங்கியது உண்மை.

1965-ல் இன்னும் மூன்று பானட்டுகளுக்கு வடிவம் போட்டாள். பறத்தல், பிறப்பு, இருதாரம். இருதாரம் என்ற பெயரில் இருப்பது இரண்டு சாவு: பதின்மூன்று வயதில் இழந்த அப்பா, இருபதுகளில் இழந்த கணவன். ஆனால் அவற்றைச் செய்து முடித்தது 2011-ல்தான். நாற்பத்தாறு ஆண்டுகள் வடிவம் தாளில் காத்திருந்தது. நடுவில் அவள் பெயர் மாறியது. அப்பா பெயரும் வேண்டாம், கணவர் பெயரும் வேண்டாம் என்று 1970-ல் ‘ஆர்ட்ஃபோரம்’ பத்திரிகையில் விளம்பரமே கொடுத்து, பிறந்த ஊரைப் பெயராக்கிக்கொண்டாள். ஜூடி சிகாகோ. ஆம், ‘தி டின்னர் பார்ட்டி’ என்ற புகழ்பெற்ற பெண்ணியப் படைப்பைச் செய்த அதே சிகாகோதான். முதல் பானட் இன்று ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அட்டையில் ‘தெளித்த அக்ரிலிக் லாக்கர், கார் பானட்’ என்று பொருளைச் சொல்வார்கள். கன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அட்டையில் இடமிருக்காது.

பொலி குதிரைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. இர்வின் பெரிய கலைஞர்தான். ஆனால் காரை நேசித்தவர்கள் செய்ததைவிட, காரிடம் பறிகொடுத்தவள் செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

போன் மறுபடி அடிக்கிறது. டாட்ஜ் கதவு? அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். சமரசம் வந்தது: கதவு சாத்தியே இருக்கும், பக்கத்தில் காவலாளி நிற்பார், பதினெட்டு வயதைத் தாண்டியவர் கேட்டால் திறந்து காட்டுவார், அறையில் குழந்தைகள் இருக்கக்கூடாது. சாத்திய கதவைப் பார்க்கத்தான் கூட்டம் வரிசை கட்டியது. அந்த வரிசையில் நின்றவர்களும், கடைசியில் தன் பழைய பேக்கார்டிலேயே உட்கார்ந்து குழிக்குள் இறங்கிய கீன்ஹோல்ஸும் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.

வியாழன் மாலை வண்டியை எடுக்கப் போனேன். டேப்பை இழுத்துத் தாள்களை உரித்தார் பெயின்டர். ஒன்பதாம் அத்தியாயம் வெள்ளிச் சாம்பலில் முழுகி, ஒரு எழுத்தும் தெரியாமல் சுருண்டு விழுந்தது. கீறல் இருந்த இடத்தைத் தேடினேன். குனிந்து பார்த்தேன், வெயிலுக்குச் சாய்ந்து பார்த்தேன், விரலால் தடவினேன்.

“எங்க அடிச்சீங்கன்னே தெரியலையேண்ணே.”

“தெரியக்கூடாது சார். தெரிஞ்சா காசு குடுப்பீங்களா?”

(ஓடும்)